இரட்டைச் சூரியோதய விமானப் பாதை

இரண்டு துறைகளுக்கிடையே உள்ள தூரம் எவ்வளவு என்று கேட்டால், ஓர் எண்ணைச் சொல்லி விடையை முடித்துவிடலாம். அத்தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் செல்லும் என்று கேட்டால் அவ்வளவு எளிதில் விடை கூற இயலாது. எந்த ஆண்டில், எந்த வாகனத்தில், எவ்வளவு பாரத்துடன், எவருடைய கண்ணுக்குத் தப்பி என்ற கேள்விகளெல்லாம் அதனோடு சேர்ந்து எழும். இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. இலங்கையின் தென்கரையில், காலி நகருக்குக் கிழக்கே சில மைல் தொலைவிற் கிடக்கும் கொக்கலை ஏரியே போதும்.

அந்த ஏரியிலிருந்து அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பேர்த் நகரம் வரை, பூகோளத்தின் வளைவை ஒட்டி நேராக அளந்தால் 3,513 மைல். இக்கால அளவையில் 5,652 கிலோமீற்றர். இடையில் இந்து சமுத்திரத்தைத் தவிர வேறொன்றுமில்லை எனலாம். நேயர்கள் தேசப்படத்தில் இவ்விரு இடங்களையும் ஒரு நூலால் இணைத்துப் பார்த்தால், நூலின் நடுப்பகுதிக்குச் சற்று அருகே கொக்கோஸ் தீவுகள் ஒரு புள்ளிக் கூட்டமாகத் தெரியும். எஞ்சியதெல்லாம் நீர். 1943ஆம் ஆண்டின் நடுப்பகுதி தொடங்கி 1945ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை இந்த நீர்ப்பரப்பை இடையில் எங்கும் இறங்காது கடந்து ஒரு விமானச் சேவை நடைபெற்றது. அதன் பயணிகள் ஒரே பயணத்தில் இருமுறை சூரியன் உதிப்பதைக் கண்டனர். ஆகவேதான் அது இரட்டைச் சூரியோதயச் சேவை என்று பெயர் பெற்றது.

இச்சேவை ஏன் தோன்றிற்று என்பதை அறியச் சில ஆண்டுகள் பின்னே செல்லவேண்டும். 1938ஆம் ஆண்டில் சிட்னி நகரின் ரோஸ் விரிகுடாவிலிருந்து இங்கிலாந்தின் சவுதம்ரன் துறைமுகத்துக்குப் பறக்கும் படகுகள் செல்லத் தொடங்கின. பறக்கும் படகு என்பது நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும் விமானம். அதன் வயிற்றுப்பகுதி ஒரு தோணியைப் போன்றே அமைந்திருக்கும். சிட்னியில் ஏறியவர் டார்வின், சிங்கப்பூர், கராச்சி எனப் பல துறைகளில் இறங்கி ஏறி, இரவுகளில் விடுதிகளிலே தங்கி, ஒன்பது பத்து நாட்களில் இங்கிலாந்தை அடைந்தார். கப்பலில் ஐந்தாறு வாரம் செலவிட்ட தலைமுறைக்கு இது பெரும் வியப்பாக இருந்தது. அவுஸ்திரேலியப் பகுதியைக் குவாண்டாஸ் கம்பெனியும் அதற்கப்பாற்பட்ட பகுதியைப் பிரித்தானியக் கம்பெனியும் நடத்தின. இரண்டும் கை மாற்றிக்கொண்ட இடம் சிங்கப்பூர்.

அந்தச் சங்கிலியின் நடுக்கணு சிங்கப்பூரே என்பதையும், நடுக்கணு அறுந்தால் சங்கிலி முழுவதும் பயனற்றுப்போம் என்பதையும் முன்கூட்டியே உணர்ந்தோர் சிலர் இருந்தனர். அவர்களுள் ஒருவர் பி. ஜி. டெய்லர் என்னும் அவுஸ்திரேலிய விமானி. அவர் 1939ஆம் ஆண்டு யூன் மாதத்தில், அமெரிக்க ஆராய்ச்சியாளரான ரிச்சட் ஆர்ச்போல்ட் என்பாருக்குச் சொந்தமான "கூபா" என்ற பறக்கும் படகில், அவுஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையிலுள்ள போட் ஹெட்லண்டிலிருந்து புறப்பட்டு, கொக்கோஸ் தீவுகள், தியேகோ கார்சியா ஆகியவற்றின் வழியாக ஆபிரிக்காவின் மொம்பாசாவை அடைந்தார். இந்து சமுத்திரத்தின் குறுக்கே ஒரு மாற்று வழி உண்டா என்று பார்ப்பதே அப்பயணத்தின் நோக்கம். வழி உண்டு என்று கண்டார். அவ்வாண்டிலேயே ஐரோப்பாவில் யுத்தமும் மூண்டது.

1942ஆம் ஆண்டு பிறந்ததும் அஞ்சியது நடந்தேறியது. சனவரி 30ஆந் தேதி "கோரியோ" என்னும் குவாண்டாஸ் பறக்கும் படகு தீமோர்த் தீவுக்கு அண்மையில் யப்பானிய விமானங்களாற் சுட்டு வீழ்த்தப்பட்டது. பெப்ரவரி 15ஆந் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. சாவகமும் சுமாத்திராவும் அடுத்த வாரங்களிலேயே யப்பானியர் வசமாயின. மார்ச்சு மாதத்தில் அந்தமான் தீவுகளும் அவர்கள் கையிற் சிக்கின. அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்குமிடையே இருந்த ஆகாய வழி முற்றாக அறுந்தது. ஓர் அரசாங்கக் கடிதம் இலண்டன் போய்ச் சேரவேண்டுமானால், கப்பலேறிச் சமுத்திரத்தைச் சுற்றவேண்டும். அல்லது பசிபிக் சமுத்திரத்தைத் தாண்டி அமெரிக்கா வழியாக உலகின் மறுபக்கத்தைச் சுற்றிவரவேண்டும்.

இந்நிலையில் இலங்கையின் தென்கோடி திடீரென முக்கியத்துவம் பெற்றது. கொக்கலை ஏரி பறக்கும் படகுகள் இறங்குவதற்கு வாய்ப்பான நீர்நிலை. கரைக்கு மிக அருகில் இருந்தும், தென்மேற்குப் பருவக் காற்றின் பேரலைகள் அதைத் தீண்டுவதில்லை. பிரித்தானிய விமானப்படை அங்கே தளம் அமைத்தது. தளம் என்றவுடன் ஓடுபாதையும் கொட்டகைகளுமே நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. ஆனால், அந்நிலத்தில் ஒரு கிராமம் இருந்தது. குறுகிய கால அறிவித்தலில் மக்கள் வீடுவாசல்களை விட்டு வெளியேறவேண்டியதாயிற்று. வீடுகள் பல இடித்து அகற்றப்பட்டன. சிங்கள இலக்கியத்தின் பேரெழுத்தாளரான மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊரும் இதுவே. அவருடைய வீடு தப்பி நின்று, பிற்காலத்தில் நூதனசாலையின் ஒரு பகுதியாயிற்று. யுத்த காலத்து விமானப் பாதைகளைப் புகழ்ந்துரைக்கும் நூல்களில் இந்தக் கிராமத்தாரின் பெயர்ந்த வாழ்வு பெரும்பாலும் ஒரு வரிக்கு மேல் இடம் பெறுவதில்லை.

கொக்கலையிலிருந்து எழுந்த விமானமொன்று இலங்கையின் வரலாற்றிலும் இடம் பெற்றது. கனடா நாட்டு விமானப்படை அதிகாரி லெனாட் பேர்ச்சல் இவ்வேரிக்கு வந்து இரண்டே நாட்கள் சென்றிருந்தன. 1942 ஏப்பிரல் 4ஆந் தேதி கட்டலீனா என்ற பறக்கும் படகிற் காவற் பணிக்குச் சென்ற அவர், இலங்கைக்குத் தெற்கே நூற்றுக்கணக்கான மைல்களுக்கப்பால் யப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டார். கம்பியில்லாத் தந்தி மூலம் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவருடைய விமானம் சுடப்பட்டுக் கடலில் வீழ்ந்தது. உயிர் தப்பியோர் சிறைப்பட்டனர். மறுநாட் காலை கொழும்பும், 9ஆந் தேதி திருகோணமலையும் தாக்கப்பட்டன. முன்னறிவிப்புக் கிடைத்திருந்தமையால் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல ஏற்கெனவே அகற்றப்பட்டிருந்தன. ஒரு தந்திச் செய்தி எத்துணைப் பேருதவி செய்யும் என்பதையும், அதே செய்தி அனுப்புவோனை எவ்வாறு காட்டிக்கொடுக்கும் என்பதையும் கொக்கலை அன்றே அறிந்துகொண்டது.

அறுந்த வழியை மீண்டும் இணைக்கப் பிரித்தானிய விமான அமைச்சும் குவாண்டாஸ் கம்பெனியும் கைக்கொண்ட கருவி இந்தக் கட்டலீனாவே. அக்கம்பெனியை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஹட்சன் பிஷ் இம்முயற்சியில் மிகுந்த ஊக்கங் காட்டினார். கம்பெனியின் மூத்த விமானிகளுள் ஒருவரான ரஸ்ஸல் டாப் முதலியோர் பறக்கும் பொறுப்பை ஏற்றனர். 1943ஆம் ஆண்டு யூன் மாத இறுதியிற் சேவை ஆரம்பமாயிற்று. பேர்த்தில் விமானங்கள் இறங்கிய இடம் சுவான் நதி. நதியில் வாழும் கறுப்பு அன்னங்களைக் கண்ட ஒல்லாந்த மாலுமி ஒருவர் 1697ஆம் ஆண்டில் இட்ட பெயர் அது. அன்ன நதியிலிருந்து எழுந்து கொக்கலை ஏரியில் இறங்குவது என்று தமிழிற் சொன்னால் ஏதோ புராணப் பயணம் போலத் தோன்றும். உண்மையில் அது ஒவ்வொரு இறாத்தலையும் எண்ணிப் பார்த்துச் செய்த பயணம்.

கட்டலீனா வேகத்துக்குப் பெயர் பெற்ற விமானமன்று. இரண்டு இயந்திரங்கள், ஒவ்வொன்றும் 1,200 குதிரைவலு. இறக்கையின் நீளம் 104 அடி. சிக்கனமாகப் பறந்தால் மணிக்கு ஏறக்குறைய 125 மைல் வேகம். நெடுநேரம் ஆகாயத்தில் நிற்பதே அதன் சிறப்பு. எனினும், 3,513 மைலைக் கடக்க அந்தச் சிறப்பும் போதவில்லை. ஆகவே, துப்பாக்கிகள் முதலான பாரங்கள் அகற்றப்பட்டன. உட்கூடத்தில் மேலதிக எரிபொருட் தாங்கிகள் பொருத்தப்பட்டன. ஏறக்குறைய 2,000 கலன் பெற்றோலுடன் நீரிலிருந்து எழும்போது விமானத்தின் மொத்தப் பாரம் 35,000 இறாத்தலைத் தாண்டிற்று. அதில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாதது எரிபொருளே.

எரிபொருளுக்கு இவ்வளவு இடங்கொடுத்தபின் மனிதருக்கு எஞ்சிய இடம் எவ்வளவு? மூன்று பயணிகள், 150 இறாத்தலளவில் தபால். அவ்வளவுதான். அந்த மூவரும் படை அதிகாரிகளாகவோ, அரசாங்க அலுவலர்களாகவோ, அவசியங் கருதி அனுப்பப்பட்ட பிறராகவோ இருந்தனர். கடிதங்களின் பாரத்தைக் குறைக்க, அவற்றைச் சிறு படச்சுருள்களிற் பதித்து அனுப்பும் முறையும் கையாளப்பட்டது. போர்முனையிலிருந்த ஒரு மகனின் கடிதம் நகமளவான படத்துண்டாகக் கடல் கடந்து, மறுகரையில் மீண்டும் பெரிதாக்கப்பட்டுத் தாயின் கையைச் சேர்ந்தது.

கணக்கு இத்துடன் முடிந்தபாடில்லை. முழுப் பாரத்துடன் பறக்கும் கட்டலீனா ஒற்றை இயந்திரத்தில் ஆகாயத்தில் நிற்க முடியாது. பயணத்தின் முற்பகுதியில் ஓர் இயந்திரம் பழுதுற்றால், எரிபொருளைக் கடலிற் கொட்டியே தீரவேண்டும்; கொட்டினால் மறுகரையை எட்ட முடியாது. காற்றும் ஒரு கணக்கைப் புகுத்தியது. மணிக்கு 125 மைல் வேகத்திற் செல்லும் விமானத்துக்கு 3,513 மைலைக் கடக்க 28 மணிநேரம் செல்லும். எதிர்க்காற்று 15 மைல் வேகத்தில் வீசினால் அது 32 மணிநேரமாக நீளும். பின்காற்று 5 மைல் உதவினால் 27 மணிநேரமாகக் குறையும். நடைமுறையிலும் பயணங்கள் ஏறக்குறைய இந்த எல்லைகளுக்குள்ளேயே அமைந்தன. இக்காலத்து ஜெட் விமானத்துக்கு 15 மைல் எதிர்க்காற்று சில நிமிடத் தாமதமே. கட்டலீனாவுக்கோ அது நான்கு மணிநேரம்; நான்கு மணிநேரத்து எரிபொருள்; சில சமயங்களில் உயிர்.

இரட்டைச் சூரியோதயம் என்ற பெயரின் உட்பொருளையும் சற்று ஆராயலாம். பேர்த்துக்கும் கொக்கலைக்கும் இடையே நெடுங்கோட்டு வித்தியாசம் ஏறக்குறைய 36 பாகை. பூமி ஒரு மணிநேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஆகவே சூரியனின் கணக்குப்படி இவ்விரு இடங்களுக்கும் ஏறக்குறைய 2 மணி 24 நிமிட வேறுபாடு உண்டு. மேற்கு நோக்கி வருபவருக்குச் சூரியன் பின்தங்கி உதிக்கும்; முதல் உதயத்துக்கும் மறு உதயத்துக்கும் இடையே 26 மணிநேரத்துக்கு மேல் கழியும். கிழக்கு நோக்கிச் செல்பவருக்கு 22 மணிநேரம் நிறைவதற்கு முன்பே மறு உதயம் தோன்றும். விடியுமுன் பேர்த்தை விட்டுப் புறப்பட்டவர் முதற் சூரியனைக் கடற்கரைக்கருகே கண்டார். இரண்டாவது சூரியனைக் கண்டபோது இலங்கை அண்மித்துவிட்டது. மொத்தப் பயணம் 24 மணிநேரத்துக்கு மேல் நீண்டதாலேயே இது நிகழ்ந்தது. விமானம் சற்று வேகமாகச் சென்றிருந்தால் ஒரு சூரியனே கிடைத்திருக்கும்!

பகலில் முதற்பகுதியைக் கடந்து, எதிரியின் விமானங்கள் எட்டக்கூடிய கடற்பகுதியை இருளிலே தாண்டுவது இந்த ஏற்பாட்டின் ஒரு பயன். விமானத்தில் ஆயுதமில்லை, வேகமுமில்லை. இருளும் மௌனமுமே அதன் கவசம். கம்பியில்லாத் தந்திக் கருவி இருந்தும் அதை இயக்கி எவரோடும் பேச இயலாது. பேசினால் எதிரி இடமறிவான். தரையிலிருந்து சங்கேதக் குறியீடாக வரும் வானிலைச் செய்தியைக் காதாற் கேட்கலாம். பதில் கூற முடியாது. புறப்பட்ட விமானம் எங்கே இருக்கிறது, உயிரோடிருக்கிறதா என்பதை இரு கரைகளிலுமிருந்தோர் ஒரு முழு நாளுக்கு மேலாக அறியாது காத்திருந்தனர்.

வழியறிவதற்கு எஞ்சியிருந்தவை நட்சத்திரங்களே. கோணமானியைக் கையிலேந்தி, முகில்களின் இடைவெளியில் விண்மீன்களின் உயரத்தை அளந்து, அட்டவணை பார்த்துக் கணக்கிட்டு, வரைபடத்தில் ஒரு புள்ளியை இடுவது வழிகாட்டியின் பணி. 3,500 மைலுக்குப் பின் இலங்கைத் தீவைத் தவறவிட்டால், வேறு கரையைத் தேட எரிபொருள் மிஞ்சாது. இதனாற்போலும் ஐந்து விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயரையே சூட்டினர். ஆங்கிலத்தில் அல்தேர், வேகா, ஸ்பைக்கா, அந்தாரஸ், ரைஜல் என்பன அவை. நமது பஞ்சாங்கத்துக்கும் இவை அந்நியமானவையல்ல. அல்தேர் நமது திருவோணம்; வேகா அபிஜித்து; ஸ்பைக்கா சித்திரை; அந்தாரஸ் கேட்டை. ரைஜல் மட்டும் நமது பஞ்சாங்க நட்சத்திரங்களில் இடம்பெறாவிடினும், திருவாதிரை ஒளிரும் அதே விண்மீன் கூட்டத்தின் மறு மூலையில் நிற்கிறது. முகூர்த்தம் பார்க்கவும் சாதகம் கணிக்கவும் நாம் எண்ணிவந்த நட்சத்திரங்கள், பெயர் மாறி, யுத்தகாலத்தில் கொக்கலை ஏரியில் வந்திறங்கின.

பயணிகளின் நிலை இன்பமானதன்று. இயந்திர இரைச்சல் ஓயாது. கூடத்தில் வெப்பமூட்டும் வசதியில்லை. எரிபொருட் தாங்கிகளுக்கிடையே நெருங்கி இருக்கவேண்டும். இத்துன்பத்துக்கு ஈடாகக் கம்பெனி ஒவ்வொருவருக்கும் ஒரு சான்றிதழ் வழங்கியது. இருபத்துநான்கு மணிநேரத்துக்கு மேல் ஆகாயத்திற் கழித்த இன்னார் "இரட்டைச் சூரியோதய இரகசியக் குழு"வின் உறுப்பினராயினார் என்பது அதன் கருத்து. பயணம் இரகசியம், சான்றிதழும் ஒரு வேடிக்கை. ஆயினும், பலர் அதைப் பத்திரமாகப் பேணினர். கொக்கலையில் இறங்கியோர் கராச்சி சென்று, அங்கிருந்து பிரித்தானிய விமானங்களில் இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டனர். பின்னர் கட்டலீனாக்களே கராச்சி வரை நீட்டிக்கப்பட்டன.

1944ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நான்கு இயந்திரங்களைக் கொண்ட லிபரேட்டர் விமானங்கள் இதே கடலைக் கடக்கத் தொடங்கின. இவை தரையிலிறங்கும் விமானங்கள்; ஆகவே கொக்கலை ஏரியை விட்டு இரத்மலானையை நாடின. பயண நேரம் ஏறக்குறைய 17 மணிநேரமாகச் சுருங்கிற்று; பயணிகளின் தொகையும் கூடிற்று. இரண்டாவது சூரியன் மறைந்துபோனான். தூரத்தில் மாற்றம் சிறிதே; நேரம் மட்டும் பத்து மணிக்கு மேற் குறைந்தது. ஆயினும், கட்டலீனாக்கள் 1945 யூலை மாதம் வரை தமது பணியை விடவில்லை. 271 முறை அவை சமுத்திரத்தைக் கடந்தன. ஒரு விமானமேனும் இழக்கப்படவில்லை. ஒரு பயணியேனும் உயிரிழக்கவில்லை.

யுத்தம் முடிந்தபின் 1947 டிசம்பரில் குவாண்டாஸ் சிட்னியிலிருந்து இலண்டனுக்குக் கொன்ஸ்ரலேசன் விமானங்களை விட்டது. பயணம் நான்கு நாள். சிங்கப்பூர் மீண்டும் நடுக்கணுவாயிற்று. 1989ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் ஒரு ஜம்போ விமானம், கட்டணப் பயணிகள் எவருமின்றி, இலண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் இறங்காது 20 மணி 9 நிமிடத்திற் பறந்தது. அப்போதும் பழைய கணக்கே: எரிபொருளுக்காக மனிதரை இறக்கிவிடவேண்டியிருந்தது. 2018 மார்ச்சில் பேர்த்திலிருந்து இலண்டனுக்கு, 14,498 கிலோமீற்றர் தூரத்துக்கு, இடையில் இறங்காத நாளாந்தச் சேவை 236 ஆசனங்களுடன் ஆரம்பமாயிற்று. பயண நேரம் ஏறக்குறைய 17 மணி. லிபரேட்டர் பேர்த்திலிருந்து இரத்மலானை வரைதான் வந்து சேர்ந்த அதே 17 மணிநேரத்தில், அதே நகரத்தார் இலண்டனையே அடைந்தனர். கட்டலீனா 28 மணிநேரம் தவழ்ந்த தூரத்தை இக்கால ஜெட் விமானம் ஏழு மணிநேரத்திற்குள் கடக்கும்.

2019 நவம்பரில் இலண்டனிலிருந்து சிட்னிக்கு 17,800 கிலோமீற்றர் தூரத்தைச் சில பத்துப் பேர் மாத்திரம் ஏறிய பரிசோதனை விமானமொன்று 19 மணி 19 நிமிடத்திற் கடந்தது. அதிலிருந்தோரும் இருமுறை சூரியோதயத்தைக் கண்டனர். அம்முயற்சிக்குச் "சூரியோதயத் திட்டம்" என்றே கம்பெனி பெயரிட்டிருந்தது. கொக்கலைப் பயணங்களின் நினைவே அப்பெயருக்குக் காரணம். எனினும், ஒரே மூச்சில் ஆகாயத்திற் கழித்த நேரத்தை நோக்கினால், ஒழுங்கான விமானச் சேவைகளில் அந்த மெதுவான கட்டலீனாக்களை எந்த விமானமும் விஞ்சியதில்லை. அவற்றின் சாதனை வேகக்குறைவாற் கிடைத்தது என்பது சற்று விசித்திரமே.

அந்த விமானங்கள் பின்னர் என்னவாயின? அமெரிக்கா தன் நேச நாடுகளுக்குக் கடனாகவும் குத்தகையாகவும் வழங்கிய யுத்தத் தளவாடங்களுள் அவையும் அடங்கும். யுத்தம் முடிந்தால் விலை கொடுக்கவேண்டும். அல்லது திருப்பிக் கொடுக்கவேண்டும். அல்லது அழித்துவிடவேண்டும் என்பது உடன்பாடு. விலை கொடுக்க எவரும் முன்வரவில்லை. ஆகவே, பெறுமதியான கருவிகள் கழற்றப்பட்டபின், திருவோணமும் சித்திரையும் கேட்டையுமாகப் பெயர் தாங்கிய அப்பறக்கும் படகுகள் அவுஸ்திரேலியக் கரைக்கப்பால் இழுத்துச் செல்லப்பட்டு, ஆழ்கடலில் மூழ்கடிக்கப்பட்டன.